ஒரு கிலோவுக்கு எத்தனை ட்ராக்மா?

நகைப்பட்டறையில் தராசு பிடித்து வளர்ந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தில் எங்கே எடை வந்தாலும் படிப்பதை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்துவிடுவான். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிசின் போர் வரலாற்றில் அப்படி ஓர் இடம். கையில் பணம் தீர்ந்துபோனால் அதீனா தெய்வத்தின் சிலைமேல் உள்ள 40 தாலந்து பொன்னைக் கழற்றிக்கொள்ளலாம், பிறகு குறையாமல் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று ஏதென்ஸ்காரர்களிடம் அவர்கள் தலைவர் பெரிக்கிளீஸ் சொல்கிறார்.

அவர்களுடைய எடை வாய்ப்பாடு எளியதுதான். 6 ஒபோல் ஒரு ட்ராக்மா, 100 ட்ராக்மா ஒரு மினா, 60 மினா ஒரு தாலந்து. ஏதென்சின் ட்ராக்மா சுமார் 4.3 கிராம் என்றால் தாலந்து ஏறக்குறைய 26 கிலோ. ஜிஎஸ்டிக்குத் தப்ப நம் அரிசி ஆலைகள் இப்போது கட்டுகிற மூட்டை அளவு. அப்படி நாற்பது மூட்டை, பொன்னாக! கீழே இறங்கினால் ஒபோல் 0.72 கிராம். நாள் முழுக்க நீதிமன்றத்தில் உட்கார்ந்த ஜூரிக்கு மூன்று ஒபோல் கூலி, அதாவது 2 கிராமுக்குச் சற்று மேல் வெள்ளி. கால் ஒபோல் காசுகூட அடித்தார்கள். அரிஸ்டோபனீசின் நாடகத்தில் சில்லறையை வாயில் அடக்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள் என்றால் வியப்பில்லை.

சரி, இந்த 4.3 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கிடைத்த காசுகளை நிறுத்துப் பார்த்துத்தான். ஆந்தை பொறித்த நான்கு ட்ராக்மா காசு 17.2 கிராம் அளவில் நிற்கிறது. கைமாறித் தேய்ந்தது போக மூல எடை என்ன என்பதில்தான் சண்டை. ஒருவர் 4.31 என்பார், இன்னொருவர் 4.37 என்பார். 0.06 கிராம்தானே என்று விட முடியாது, தாலந்துக்கு வரும்போது 360 கிராம் இடிக்கும். இரண்டு தசமத்துக்கு மேல் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஊர் மாறினால் கணக்கே மாறும். ஏஜினாத் தீவின் ட்ராக்மா சுமார் 6.1 கிராம், கொரிந்தின் ட்ராக்மா 2.9. ஒரு கிலோ வெள்ளி ஏதென்சில் 233 ட்ராக்மா, ஏஜினாவில் 164, கொரிந்தில் 345. அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் ‘ஏதேனியர் அரசமைப்பு’, முன்பு 70 ட்ராக்மாவாக இருந்த மினாவைச் சட்டம் வகுத்த சோலோன் 100 ஆக்கினார் என்கிறது. 6.1ஐ எழுபதால் பெருக்கிப் பாருங்கள், 427. ஏதென்சின் மினா 430. பொருந்துகிறதே என்று துள்ளத் தோன்றும். ஆனால் சோலோன் ஆர்கோன் என்னும் தலைமைப் பதவியில் இருந்தது கி.மு. 594இல். ஏதென்ஸ் காசு அடிக்கத் தொடங்கியது அதற்குப் பல பத்தாண்டுகள் பிறகு என்றுதான் இன்றைய நாணயவியலார் பெரும்பாலும் கருதுகிறார்கள்.

சந்தையில் காசைப் பரிசோதிக்க ஓர் அரசு அடிமை பணம் மாற்றுவோரின் மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பான். கி.மு. 375/4இன் சட்டம் அவன் வேலையைச் சொல்கிறது. அந்தக் கல்வெட்டு 1970இல் ஏதென்ஸ் அகோராவில் கிடைத்தது. உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் காசைக் குறுக்கே வெட்டி, தெய்வங்களின் தாய்க்குக் காணிக்கையாக்க வேண்டும். கடமை தவறினால் அவனுக்கே 50 கசையடி.

என்னை மிகவும் கவர்ந்தது கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸ் வெட்டிவைத்த வேறோர் ஆணை. வணிக மினா 100 ட்ராக்மா அல்ல, அக்கசாலைப் படிக்கற்களின்படி 138. அதன்மேல் 12 ட்ராக்மா கொசுறு. கொசுறையும் சட்டமாக்கிவிட்டார்கள்! தராசுக்கோல் சமமாக நிற்கும்போது 150 ட்ராக்மா இருக்க வேண்டும். ஆக, ஒரே ஊரில் ஒரே நாளில், வெள்ளிக்கு மினா 430 கிராம், கடைச்சரக்குக்கு 645. வெள்ளி எடையில்தான் விற்க வேண்டும் என்று குறிப்பிட்ட பொருள்களுக்கு மட்டும் விலக்கு. அசல் படிக்கற்களின் நகல்கள் ஏதென்ஸ் நகரிலும் பிரேயஸ் துறைமுகத்திலும் எலூசிசிலும் அரசு அடிமைகளின் பொறுப்பில் இருந்தன.