"வெறும் ஆவிதான் டாக்டர்"

இட்லிப் பானை மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. "வெந்நீர்கூட இல்ல டாக்டர், வெறும் ஆவிதான்."

அந்த "வெறும்" தப்புன்னு 260 வருஷத்துக்கு முன்பே கண்டுபிடிச்சவரும் ஒரு டாக்டர்தான். ஜோசப் பிளாக், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர்.

அன்றைய நம்பிக்கை என்ன தெரியுமா? பனிக்கட்டி உருகுநிலைக்கு வந்துவிட்டால், இன்னும் துளி சூடு பட்டாலே மொத்தமும் தண்ணீராகிவிடும். பிளாக்குக்கு இது இடித்தது. அப்படின்னா முதல் வெயிலிலேயே மலைப்பனி முழுக்க உருகி ஊரையே அடிச்சிட்டுப் போயிருக்குமே! வாரக்கணக்கில் மெதுவாகத்தானே உருகுது?

1761. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி, இன்னொன்றில் அதே எடைக்குச் சில்லென்ற தண்ணீர். இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் 33 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 40 ஆக அரை மணி நேரம். பனிக்கட்டி உருகி அதே 40-ஐத் தொட பத்தரை மணி நேரம்! பொறுமைசாலி மனுஷன்.

இத்தனை நேரம் உள்ளே போன சூடு எங்கே? தெர்மாமீட்டரில் தெரியவில்லை. உருக்குவதற்கே செலவாகிவிட்டது. பள்ளியில் நாம் படித்த 'உள்ளுறை வெப்பம்' இதுதான்.

ஆவியில் இது இன்னும் அதிகம். அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் பழுதுபார்த்த ஜேம்ஸ் வாட், குளிர்ந்த தண்ணீருக்குள் நீராவியைச் செலுத்திப் பார்த்தார். ஆவி தன் எடையைப் போல ஆறு மடங்கு தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்தது. குழம்பிப்போய் பிளாக்கிடம் கேட்க, அவர் காரணத்தை விளக்கினார். (வாட்டின் நீராவி எஞ்சின் கதை தனி. இன்னொரு நாள்.)

இப்போ உங்க கைக்கு வருவோம். 100 டிகிரி வெந்நீர் ஒரு கிராம், உடல் சூட்டுக்கு இறங்கும்போது தோலுக்குத் தருவது சுமார் 63 கலோரி. அதே 100 டிகிரி ஆவி? தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே 540 கலோரி. அப்புறம்தான் அந்த 63.

அதனால ஆவி பட்டா உடனே குழாயைத் திறந்து, ஓடுற தண்ணீரில் 20 நிமிஷம் கையைக் காட்டுங்க. வீங்குறதுக்குள்ள வளையல், மோதிரத்தைக் கழற்றிடுங்க. பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தா உடைக்காம அப்படியே ஆஸ்பத்திரிக்கு வாங்க.