மூங்கில் குழிவிரியன்

மூங்கில் குழிவிரியன் என்பது கொல்லிமலை உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் வாழும் நச்சுப் பாம்பு ஆகும். சுந்தரவனத்தின் அலையாத்திக் காடுகளில் வாழும் அலையாத்திக் குழிவிரியன் இதன் உறவினம். இரண்டிற்கும் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையே வெப்பத்தை உணரும் குழி உண்டு. இரண்டும் முட்டையிடாமல் குட்டி ஈனுபவை.

1802-ஆம் ஆண்டு சியார்ச்சு சா என்பவர் இதனை விவரித்தார். பச்சை நிறமுடைய இப்பாம்பு பகலில் புதர்களில் அசையாது கிடப்பதால் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. இரவில் தவளை, பல்லி போன்றவற்றை இரையாகக் கொள்ளும்.

கடித்த இடத்தில் கடும் வலியும் வீக்கமும் ஏற்படும், உயிரிழப்பு அரிது. எனினும் இந்தியாவில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டே உருவாக்கப்படுகிறது. குழிவிரியன்களுக்கெனத் தனி மருந்து இல்லை. ஆகவே கடியுண்டவரை மருத்துவமனையில் வைத்து, வீக்கத்தையும் குருதி உறைதலையும் கண்காணித்துச் சிகிச்சையளிப்பர். கடிவாய்க்கு மேல் இறுகக் கட்டுதல் தீங்கானது.