திருடன் திருந்திய பின் நகை எங்கே?

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எண்பதுகளில் வளர்ந்த என்னைப் போன்ற பையன்களுக்கு ஸ்பைடரை அறிமுகப்படுத்தியது, சிவகாசியில் 1984 இல் தொடங்கிய லயன் கொமிக்ஸ்தான். அட்டை கிழிந்து, கைமாறிக் கைமாறி வந்த பிரதிகள். இரத்தினங்களைக் கொள்ளையடிக்க ஆள் சேர்க்கும் ஸ்பைடர், பிற்பாடு மற்றக் குற்றவாளிகளை வேட்டையாடுபவனாக மாறிவிடுவான். ஒருநாள் இக்கதையை நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது, பாக்கு வெட்டிக்கொண்டிருந்த உம்மம்மா கேட்டா: "திருந்தினது சரி மகன், எடுத்த நகைய உடையவங்களுக்குக் குடுத்தானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. திருடன் துப்பறிவாளனாகும் கதை எதை எடுத்தாலும், இன்றுவரை அந்தக் கேள்வியோடுதான் வாசிக்கிறேன்.

இவ்வகைக் கதை ஐரோப்பாவின் கண்டுபிடிப்பு என்று சொல்வோர் உண்டு. சிறைக்கைதியாயிருந்து, 1812 இல் பாரிஸ் பொலிஸின் புலனாய்வுப் பிரிவுக்குத் தலைவனான விடோக்கை மூலவராகக் காட்டுவார்கள். ஆனால் 'ஆயிரத்தொரு இரவுகள்' அவருக்கு நெடுங்காலம் முந்தியது. அதில் அஹ்மத் அல் தனஃப், ஹஸன் ஷூமான் என்ற இரு பெரும் எத்தர்களைக் கலீஃபா ஹாரூன் ரஷீத் பக்தாதின் காவல் தலைவர்களாக நியமிக்கிறார். மாதம் ஆயிரம் தீனார் சம்பளம், ஆளுக்கு நாற்பது காவலர். இதைக் கண்டு பொறாமை கொண்ட தலீலா என்ற கிழவி, தானும் அப்படி ஒரு பதவி பெறவேண்டுமென்று ஊரையே ஏமாற்றத் தொடங்குகிறாள். வணிகன் ஒருவனின் குழந்தையை ஈடாக வைத்து நகைவியாபாரியிடம் ஆயிரம் தீனார் பெறுமதியான நகைகளைக் கொண்டுபோவது அவளது சூழ்ச்சிகளில் ஒன்று. முடிவில் ஹஸன் ஷூமான் அவளுக்காகப் பரிந்து பேசுகிறான். மன்னிப்பும் பதவியும் கிடைக்கின்றன. அதற்குமுன் அவள் பறித்த பொருள்கள் உரியவர்களிடம் போய்ச் சேருகின்றன. சிரிப்பூட்டவே சொல்லப்பட்ட கதைதான். என்றாலும் கணக்கு அங்கே நேராகிவிடுகிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் மொரிஸ் லெப்ளாங் 1905 இல் படைத்த ஆர்ஸென் லூபினிடம் இந்தக் கணக்கு நேராவதில்லை. கப்பலில் ஒரு சீமாட்டியின் நகைகளைத் திருடிப் பிடிபடுபவனாகவே முதற்கதையில் அவன் வருகிறான். 1910 இல் வெளிவந்த '813' நாவலில் அவனே மாறுவேடத்தில் புலனாய்வுப் பிரிவின் தலைவனாயிருக்கிறான். 1928 இல் ஜிம் பார்னெட் என்ற பெயரில் துப்பறியும் நிலையம் நடத்துகிறான். அங்கு கட்டணம் கிடையாது. ஆனால் வழக்கு முடிகையில் ஏதோவொன்று அவன் பைக்குள் போயிருக்கும்! லூபினை உருதுவுக்குக் கொண்டுவந்த ஸஃபர் உமர் ஒரு பொலிஸ் அதிகாரி. அவரது 'நீலீ சத்ரீ' 1916 இல் வெளிவந்தது. லூபின் அதில் பஹ்ராம் ஆனான். திருடனை நாயகனாக்கப் பொலிஸ்காரருக்கே ஆசை வந்திருக்கிறது.

உம்மம்மாவின் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர் செஸ்டர்டன் என்பேன். 1911 இன் 'பறக்கும் நட்சத்திரங்கள்' சிறுகதையில் ஃப்ளாம்போ மூன்று வைரங்களோடு மரத்தின் மேல் நிற்கிறான். கீழே நிற்கும் பாதிரியார் பிரவுண், இத்திருட்டின் பழி ஒரு குற்றமற்ற இளைஞன்மீது விழப்போவதை உணர்த்துகிறார். வைரங்கள் கீழே விழுகின்றன. அதற்குப் பின்னரே ஃப்ளாம்போ துப்பறிவாளனாகிறான். டேவிட் டொட்ஜின் நாவலில் (1952) வரும் ஜோன் ரொபியோ, தன் பாணியில் யாரோ திருடுவதால் தன்மேல் விழுந்த சந்தேகத்தைத் தீர்க்கவே துப்பறிகிறான். ஹிட்ச்கொக் 1955 இல் அதைப் படமாக்கினார். கடற்கரை அழகாயிருக்கிறது, பழைய நகைகளைப் பற்றி எவரும் அதிகம் கவலைப்படுவதில்லை.

தமிழில் துப்பறிவாளன் வந்தான். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' (1908) கொண்டுவந்த கோவிந்தன் தொடக்கம் எத்தனையோ பேர். நகைத்திருடன் மட்டும் ஏன் நாயகனாக வேரூன்றவில்லை? யாழ்ப்பாணத்தை வைத்து எனக்கொரு விடை தோன்றுகிறது. லூபின் திருடியது பிரபுக்களின் இரும்புப் பெட்டியில். எங்கள் குடாநாட்டில் பொன் அங்கா இருந்தது? 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையே சீதனத்துக்குப் பெரும் இடம் கொடுத்தது. தமிழ் வீடுகளில் தாலிக்கொடி, எங்கள் வீடுகளில் கைக்கூலியோடு சேர்ந்த அட்டியலும் காப்பும். தேவை வந்தால் அடகுக்கடைக்குப் போய், பணம் வந்தால் மீண்டு வரும். பொன் இங்கே ஒரு பெண்ணின் கலியாணம், ஒரு பிள்ளையின் படிப்பு. அதைக் களவெடுப்பவனைக் கனவான் என்று ரசிக்க யாருக்கு மனம் வரும்?

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்தில் கூட்டப்பட்டு, சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கு முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர். வெளியேறிய பெண்களின் நகைகள் வழியிலேயே பறிக்கப்பட்டன. காதுத்தோடுகூட மிஞ்சவில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம், அவ்வெளியேற்றம் ஓர் அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அச்செய்தியைப் பத்திரிகையில் வாசித்தபோது எனக்கு ஸ்பைடர் நினைவுக்கு வந்தான். பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்த உம்மம்மாவும்.