தங்காற் புலவர் காட்டும் மனைக்கோழியும் வெருகும்

பாண்டி நாட்டின் மேற்றிசை மலையடிவாரத்தே அமைந்த திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஈரூர்ப் புறத்தும் மனைக்கோழி வளர்த்தல் இன்றும் காணப்படும் வழக்கமாகும். பகலெல்லாம் குப்பை கிளறி மேய்ந்த கோழி மாலையில் மனை திரும்பும். அதனைக் குஞ்சுகளோடு எண்ணி அடைத்தல் பெரும்பாலும் இல்லத்துப் பெண்டிரின் கடன். அடைக்க மறந்த ஓரிரவிற் காட்டுப்பூனையோ மரநாயோ வந்து சென்றால், விடியலில் எஞ்சுவன இறகுகளே. இச்சிறு செய்தி வரலாற்று ஆராய்ச்சிக்கு உரியதோ என ஐயுறுவார் உளராகலாம். இவ்வட்டாரத்தைச் சார்ந்த சங்கப் புலவர் ஒருவர் இதனையே வீரம் நுவலும் பாட்டொன்றின் தோற்றுவாயாக அமைத்துள்ளார். ஆகலின் இதனை ஈண்டு ஆராய்வோம்.

அப்புலவர் தங்காற் பொற்கொல்லனார். பாட்டு, புறநானூற்றின் 326ஆம் பாட்டு. திணை வாகை, துறை மூதின்முல்லை. தங்கால் என்பது சிவகாசியை அடுத்த திருத்தங்கலே என்பது அறிஞர் துணிபு. சிலப்பதிகாரக் கட்டுரை காதையும் இவ்வூரைப் பாண்டி நாட்டு ஊராகக் குறிக்கின்றது.

பாட்டின் முற்பகுதி கூறுவது இது: ஊரின் பழைய வேலியில் மெல்ல நோக்கி நடக்கும் வெருகினை இருளில் உணர்ந்து, இளம்பேடை ஒன்று உயிர் நடுங்கிக் கதறுகின்றது. பருத்தியிற் கலந்த தூசும் துரும்பும் நீக்குதற்கு எழுந்த பெண்ணொருத்தியின் சிறுவிளக்கு ஒளி தருகின்றது. அவ்வொளியில், முருக்கம்பூ அன்ன கொண்டையுடைய சேவலைக் கண்டு பேடை அச்சம் தணிகின்றது. இதன் பின்னரே மனைவியின் விருந்தோம்பலும் தலைவனின் போர்த்திறமும் வண்மையும் பேசப்படுகின்றன.

இதனோடு குறுந்தொகைப் பாடல்கள் இரண்டனை ஒப்பிடுதல் தகும். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 139ஆம் பாட்டில், மாலையில் வேலியருகே வெருகுகள் வர, புகுமிடம் தெரியாது மனைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கின்றது. மதுரைக் கண்ணனார் பாடிய 107ஆம் பாட்டிலோ, தன் இன்துயில் கலைத்த சேவல் வெருகிற்கு இரையாகுக எனத் தலைவி வெகுள்கின்றாள். நள்ளிரவில் வீட்டெலியைப் பார்த்திருக்கும் வெருகு அது.

இம்மூன்றனாலும் பெறப்படுவன சில. முதலாவது, பகை வரும் வழி வேலி; வரும் பொழுது மாலையும் நள்ளிரவும். இரண்டாவது, கதவடைத்த கோழிக்கூடு இம்மூன்றனுள் ஒன்றிலும் பேசப்படவில்லை. புகுமிடம் அறியாத கோழியும், விளக்கொளி சென்று எட்டும் பேடையும், திறந்த இடத்தே அடைந்தன போலும். மூன்று பாட்டின் வாய்வாளாமை கொண்டு சங்ககாலத்திற் கூடே இல்லை எனத் துணிதல் பொருந்தாது. எங்கும் பரவிய வழக்கு அன்று என்று கொள்ளலாம். மூன்றாவது, வெருகு கோழிக்கு மட்டுமன்றி எலிக்கும் பகை. காட்டுப்பூனையின் இரையிற் பெரும்பகுதி எலியினமே என இன்றைய விலங்கியலாரும் கூறுவர். தொல்காப்பிய மரபியல் வெருகினைப் பூசை என்றலும் மரபு என்னும். ஆகலின் வெருகு என்னும் சொல் காட்டினத்தை மட்டுமே சுட்டிற்று என வரையறுத்தல் அரிது.

ஈண்டு ஒரு வினா எழும். அப்பெண் விளக்கேற்றியது கோழியைக் காத்தற்கோ, பருத்தி வேலைக்கோ? கோழியின் கதறல் கேட்டு எழுந்தாள் என்று கொள்வது எளிது. ஆயின் பாட்டு அவள் எழுந்ததற்குக் காட்டும் காரணம் பருத்தித் தூய்மையே. அவள் தன் தொழிலுக்காக விழித்திருந்தாள். அவ்விழிப்பே கோழிக்குக் காவலாயிற்று. இதுவே சொற்கிடக்கைக்கு இயைந்த பொருள் என்பது எம் கருத்து. நற்றிணை 353ஆம் பாட்டுத் துணையற்ற பெண்டிர் நூல் நூற்றமையைக் கூறும். இரவு நெடிது விழித்து உழைத்த பெண்டிரே ஊரின் அறியப்படாத காவலர் ஆயினர்.

பேடை ஒளி கண்டு தணிந்தமை வெறுங் கற்பனையன்று. கோழியின் கண் பகலொளிக்கு அமைந்தது. இருளில் அது மிகக் குறைவாகவே காணும். அதனாற்றான் அடைந்த கோழி இரவில் ஓடித் தப்ப மாட்டாது கதறுகின்றது. அதன் முன்னினமாகிய காட்டுக்கோழி மரக்கிளையில் அடைந்து உயிர் காத்துக்கொள்ளும். மனைக்கோழியோ மனிதர் அமைத்த இடத்தையே நம்பியுள்ளது.

பின்னாளில் இக்காவல் வேறு உருக்கொண்டது. மூங்கிலாற் பின்னிய பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே கல் வைத்துக் குஞ்சுகளைக் காப்பர். மண்சுவர்க் கூட்டின் சிறுவாயிலைப் பலகையாலோ கல்லாலோ அடைப்பர். நரி நிலத்தைத் தோண்டும். மரநாய் கூரை ஏறும். பாம்பு சிறு துளையிலும் நுழையும். ஆகலின் தரை, கூரை, துளை ஆகிய மூன்றும் நோக்கியே நல்ல கூடு அமைதல் வேண்டும். ஆலை நூல் பரவிய 19ஆம் நூற்றாண்டில் கைந்நூற்பு குன்றிற்று. இராசபாளையத்திலேயே 1936இல் நூற்பாலை எழுந்தது. பருத்திப் பெண்டின் இரவு விளக்கு மனைகளில் அவிந்தது. அவள் விழிப்புச் செய்த வேலையை இன்று அடைத்த கதவு செய்கின்றது.

இறுதியாக ஒன்று. மூன்று பாட்டினும் வெருகினைக் கொன்றமை கூறப்படவில்லை. இதனை அருள் எனக் கொண்டாடுதல் வேண்டா. 326ஆம் பாட்டிலேயே வேட்டைச் சிறுவர் உடும்பு கொணர்தல் வருகின்றது. ஆயினும் கோழியைக் காத்தல் பகையைக் கொல்லுதலின் வேறு என்பது அப்பாட்டால் தெளிவாம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பூனையைக் கொல்லுதலைத் தடுக்கின்றது. 2021இல் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகமும் அமைந்தது. எனவே மலையடிவார மக்களுக்கு எஞ்சிய வழி, விளக்கும் வேலியும் அடைத்த கூடுமே.

மாணவர் இப்பாட்டைப் பயிலுங்கால் போர்க்களத்திற்கு விரைந்து செல்லாது, அச்சிறுவிளக்கின் முன் சற்றே நிற்பாராக. மூதில் மறத்தைப் பாட வந்த தங்காற் புலவர், அதனை ஒரு பேடையின் நடுக்கத்திலிருந்து தொடங்கினார். காக்கப்படுவது இன்னது எனக் காட்டிய பின்னரே காப்பவனைக் காட்டினார் என்பது எம் துணிபு.