ஹோட்டன் சமவெளியும் மலைநாட்டுப் புலியும்



நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களில், "நேற்றிரவு புலி வந்து நாயைக் கொண்டு போயிற்று" என்று பெரியவர்கள் கூறக் கேட்டிருப்பீர்கள். உடலில் வரியோடிய வேங்கை இலங்கைக் காடுகளில் இல்லை. அவர்கள் கூறும் புலி, புள்ளிகளையுடைய சிறுத்தையே. ஆயினும் அப்பெயரைத் திருத்த எனக்கு மனமில்லை. வேங்கை இல்லாத நாட்டில் காட்டுக்கு அரசு அதுதானே!

அவ்வரசைக் காண விழைவோர் பட்டிப்பொல வழியாகவோ ஓஹியா வழியாகவோ ஹோட்டன் சமவெளிக்கு ஏறுகின்றனர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், புல்வெளியும் முகில் தவழும் காடும் மாறி மாறி விரியும் பூமி அது. சிங்கள மக்கள் அதனை மகா எலிய என்று அழைத்தனர். 1831 முதல் 1837 வரை ஆளுநராயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயர் பின்னர் அதற்குச் சூட்டப்பட்டது.

பெயர் சூட்டியவர்களோடு துப்பாக்கியும் வந்தது. ஊவாப் பகுதியில் பணியாற்றிய மேஜர் றொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தினார் என்பர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். அதனைத் தெய்வத் தண்டனை என்று மக்கள் பேசிக்கொண்டதில் வியப்பில்லை. அவருக்குப்பின் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்தி, கத்தியால் குத்திக் கொல்வதைப் பெரும் விளையாட்டாகக் கொண்டார்; அதைப் பற்றி நூலும் எழுதினார். சமவெளியில் உலாவிய யானைகள் இன்று அங்கே அறவே இல்லை.

துப்பாக்கியினும் கொடியது கோடரி. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைச்சரிவுகள் மொட்டையாக்கப்பட்டன. காடு வெட்டும் கடும் உழைப்பில் சிங்களக் கிராமத்தாரும், தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த நம் முன்னோரும் பாடுபட்டனர். இச்சமவெளி தப்பியதற்கு ஒரு தாவரவியலாளரின் யோசனையே பெருங்காரணம். 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடவேண்டும் என்று 1873இல் ஜோசப் ஹூக்கர் அரசாங்கத்துக்கு அறிவுரை கூறினார். மகாவலி, களனி, வளவை ஆகிய நதிகளுக்கு நீரூட்டும் ஊற்றுகள் இம்மலைகளில் இருப்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வறிவுரையின் அருமை விளங்கும்.

1969இல் சரணாலயமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் சமவெளி அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. இன்று செல்வோர், பனி விலகும் வேளையில் புல்மேயும் மரைக் கூட்டங்களைத் தாராளமாகக் காணலாம். புலியைக் காண்பது கொடுத்து வைத்தவர்க்கே. பெரும்பாலோர் அதன் கால்தடத்தைக் கண்ட மகிழ்ச்சியோடு, உலகமுடிவுப் பாறையில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்புவர்.

ஆனால், நேயர்களே, பூங்காவின் எல்லையைப் புலி அறியாது. தேயிலை மலைகளுக்கிடையே எஞ்சிய சோலைகளிலும் ஓடைக்கரைகளிலும் அது வாழ்கிறது. இரவில் லயன் வாசல்வரை வருகிறது. அங்கே அதற்குக் காத்திருப்பது கம்பிக் கண்ணி. அது காட்டுப்பன்றிக்கு வைத்தது. மரக்கறிப் பாத்தியை ஓரிரவில் பன்றி உழுதுவிட்டுப் போனால், அரைவயிற்றுக் குடும்பம் என்ன செய்யும்? கண்ணி வைத்தவனைக் கடிந்துகொள்வது எளிது. அந்தப் பாத்திக்கு ஒரு வேலி அமைத்துக் கொடுப்போர் சிலரே.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில், மஸ்கெலியாவுக்கு அப்பால் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில், காண்பதற்கரிய கருஞ்சிறுத்தை ஒன்று அத்தகைய கண்ணியில் கழுத்து இறுகிக் கிடந்தது. மயக்க மருந்து கொடுத்து மீட்டு, உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தனர். சில நாட்களில் அது இறந்தது.