டவர் பயத்தின் கதை

2018 நவம்பரில் ரஜினியின் '2.0' வந்தபோது, செல்போன் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்வதாகக் காட்டியதற்காக செல்போன் கம்பெனிகளின் சங்கம் தணிக்கை வாரியத்துக்கே புகார் அனுப்பியது. ஆனால் இந்தப் பயம் ஷங்கர் கிளப்பியது அல்ல. 1979-ல் அமெரிக்காவின் டென்வரில், மின்கம்பிகளுக்கு அருகே வசித்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் அதிகம் என்றது ஓர் ஆய்வு. பிறகு ஹைபிரிட் கார்கள் வந்தன. பின்பக்க பேட்டரியிலிருந்து முன்னால் போகும் கேபிள் மீதும் அதே சந்தேகம்!

டவர் அனுப்புவது வேறு வகை, ரேடியோ அலை. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை '2பி' பட்டியலில் சேர்த்தது. புற்றுநோய் வரக்கூடும், ஆதாரம் போதாது என்று அர்த்தம். (ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே பட்டியலில்தான்.)

2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா டவர் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒன்றாக்கியது. அதற்குப் பிறகு வந்த படம்தான் '2.0'.