கணக்கும் உறவும்

உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் அவை வகுத்துரைத்தன. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மருமகன் முதலியோர் பெயரையும் இடலாகாது.

அச்சபை நிலமும் கல்வியும் உடைய பிராமண ஆடவருக்கே உரியது. அதைக் குடியாட்சியின் நிறைவெனப் போற்றுதல் பொருந்தாது. தந்தையின் குற்றத்துக்காக மகனைத் தண்டிப்பதும் நீதியன்று. ஆயினும், பொதுப்பணி ஒரே வீட்டில் தங்கிவிட்டால் கணக்குக் கேட்பார் இல்லாமற் போவர் என்பதை அவ்விதி உணர்ந்திருந்தது.

1992 இல் நிறைவேறிய 73 ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றிலொரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அங்கும் மனைவியின் பெயரால் கணவனே ஆளும் ஊர்களை நாம் அறிவோம். அன்று தடையாயிருந்த உறவு இன்று தகுதியாகிவிட்டது. வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் மகனைப் பிறப்பால் விலக்க வேண்டாம். தந்தையின் பெயரைச் சொல்லி வருபவரிடம், தந்தையின் கணக்கையும் கேட்போம்.